மூன்றாம் நம்பர் பூட்டு

பெய்ட்டாங்
செப்டம்பர் 14, 1997

அன்புள்ள யூச்சாய் அண்ணனுக்கு,

இதை எழுதுவது மியாவ் தாகென். நானேதான். பக்கத்து வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்து நான் விரலை உருட்டி வைத்த கடிதம் அல்ல. நீங்கள் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். உறைமேல் இருக்கும் முகவரியும் என் எழுத்துதான். ஹாங்சோ என்று எழுத மட்டும் ஒரு காலைப் பொழுது ஆயிற்று. கடிதத்தைத் திங்கட்கிழமை தொடங்கினேன். இன்று ஞாயிறு.

அறுபத்தேழு வயதில் பள்ளிக்கூடம் போகிறேன். பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, நாலு மணிக்கு எங்களுக்கு வகுப்பு. பதினொரு பேர், அதில் ஒன்பது பேர் பெண்கள். ஓய்வு பெற்ற ஷென் டீச்சர் நடத்துகிறார். ஆயிரத்து ஐந்நூறு எழுத்து தெரிந்தால் எழுத்தறிவு பெற்றவன் என்று நகர அலுவலகம் சான்றிதழ் தரும். நான் எண்ணூற்று நாற்பதில் இருக்கிறேன். குட்டி நாற்காலி. உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடிக்கிறது.

முதல் நாள் டீச்சர் என் கையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“தாகென், அது அரம் இல்ல, பேனா. தாளை ராவாதீங்க.”

“அம்பது வருஷமா இரும்பை ராவின கை டீச்சர். சொன்னா கேக்குமா?”

“கை கேக்கும். உங்க வாய்தான் கேக்காது. எழுதுங்க.”

இப்போது தெருவில் நடப்பதே வேறு மாதிரி இருக்கிறது. எல்லாச் சுவரும் ஏதோ பேசுகிறது. மீன் சந்தைக்குப் பின்னால் முப்பது வருடமாக நான் ஒதுங்கிய சுவரில் ‘இங்கே ஒதுங்காதே’ என்று எழுதியிருக்கிறது அண்ணே. இத்தனை வருடமாக மக்கள் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பார்கள்.

நம் தொழிற்சாலை வாசலையும் படித்தேன். பித்தளையில் புதுப் பலகை: ‘யூச்சாய் பூட்டு நிறுவனம்’. உங்கள் பெயர் எவ்வளவு பெரிதாக இருக்கிறது. பழைய பலகையைச் சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறார்கள். புல்லை விலக்கி அதையும் படித்தேன்: ‘பெய்ட்டாங் நகரக் கூட்டுப் பூட்டுத் தொழிலகம்’. எண்பத்து நாலில் என் கொட்டகையில் பூட்டுச் செய்துகொண்டிருந்த நாம் இந்தப் பலகையை மாட்டிய நாள் ஞாபகம் வந்தது. ஏழு ஆள் வரை வைத்தால் வீட்டுத் தொழில், எட்டாவது ஆளை வைத்தால் சுரண்டல் என்று இருந்த காலம். எட்டாவது ஆளை வைத்து ஸ்பிரிங் செய்த ஹுவாவைப் போலீஸ் தெருத்தெருவாக நடத்திக் கூட்டிப்போனதைப் பார்த்துவிட்டு நீங்கள் சொன்னீர்கள்: “நகரத்தோட தொழிற்சாலைன்னு எழுதிக் குடுத்துடுவோம்டா. தொப்பி மட்டும் சிவப்பா இருக்கட்டும். தலை நம்ம தலைதானே.” நானும் விரலை மையில் அழுத்தினேன்.

இரண்டு பலகையிலும் என் பெயரைத் தேடினேன். பேராசையால் அல்ல. என் பெயரை எங்கேயாவது அச்சில் பார்க்க ஆசை, அவ்வளவுதான்.

ஜாவ்தி இருந்திருந்தால் இந்தக் கடிதத்தைப் பார்த்துச் சிரித்திருப்பாள். அவள் போய் எட்டு மாதம் ஆகிறது. மனைவி இல்லாத வீட்டில் சாயங்காலம் நீளமாக இருக்கிறது. அதனால்தான் வகுப்பில் சேர்ந்தேன் என்று எல்லாரிடமும் சொல்கிறேன்.

பதில் போடுங்கள். பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

உங்கள் தம்பி,
மியாவ் தாகென்


ஹாங்சோ
அக்டோபர் 6, 1997

அருமைத் தம்பி தாகென்,

உன் கடிதத்தை மகனுக்கும் மருமகளுக்கும் படித்துக் காட்டினேன். மருமகள் சிரித்துச் சிரித்துச் சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள். ‘பூட்டு’ என்ற எழுத்தில் ஒரு கோட்டை விட்டுவிட்டாய். பூட்டுக்காரன் பூட்டையே தப்பாக எழுதலாமா? கண்ணை ரொம்ப வருத்திக்கொள்ளாதே. இந்த வயதில் இது எதற்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. உன் கட்டைவிரல்தான் நம் தொழிற்சாலையின் முதல் இயந்திரம் என்று நான் சொல்வேனே, அதுவே போதாதா?

பலகையைப் பற்றி எழுதியிருந்தாய். உனக்குத் தெரியாததா? கூட்டுத் தொழிலகம் என்ற பெயர் இருந்ததால்தான் எஃகு கிடைத்தது, வங்கி கதவைத் திறந்தது, மின்சாரம் வந்தது. உன் மூன்றாம் நம்பர் பூட்டை யோசித்துப் பார். பூட்டினால்தான் சாவியை வெளியே எடுக்க முடியும் என்ற அந்த வேலைப்பாடு உன் மூளையில் பிறந்தது. யார் மறுத்தார்கள்? ஆனால் புதுச் சரக்கு செய்ய நகரச் செயலாளர் அனுமதி வேண்டும். அதற்காக அவரோடு பதினொரு விருந்து சாப்பிட்டு என் ஈரலைக் கெடுத்துக்கொண்டவன் நான். பதிலுக்கு, மூடிப்போன செங்கல் சூளையின் பதினாலு ஆட்களை நம் தலையில் கட்டினார்கள். அதையும் சுமந்தேன். ஒரு பூட்டின் தலையெழுத்தைப் பட்டறையா எழுதுகிறது தம்பி? அலுவலகத்தில் இருக்கும் முத்திரைதான் எழுதுகிறது. பூட்டை நீ செய்தாய், கதவுகளை நான் திறந்தேன்.

பிறகு காலம் மாறியது. நட்டத்தில் போவதையெல்லாம் விற்றுவிடு என்று மேலிருந்து உத்தரவு வந்தபோது நகரம் நம்முடையதையும் சேர்த்து விலை போட்டது. மேலாளர் ஒருவருக்குத்தான் விற்போம் என்றார்கள். மேலாளர் நான். நான் என்ன செய்ய?

தேயிலை ஒரு டப்பா அனுப்பியிருக்கிறேன். கொதிக்கிற நீர் ஊற்றாதே, கெட்டுவிடும்.

அண்ணன்,
ஃபாங் யூச்சாய்


பெய்ட்டாங்
நவம்பர் 30, 1997

அன்புள்ள அண்ணனுக்கு,

தேயிலை வந்தது. கொதிக்கிற நீர்தான் ஊற்றினேன். நன்றாகவே இருந்தது.

ஆயிரத்து நூறு எழுத்து ஆகிவிட்டது. இப்போது வீட்டில் கிடைக்கும் காகிதத்தையெல்லாம் படிக்கிறேன். அரிசிப் பை, மருந்துப் புட்டி, பழைய நாள்காட்டி. ஜாவ்தியின் மருந்துப் புட்டியில் ‘சாப்பாட்டுக்கு முன்’ என்று இருக்கிறது. நான் சாப்பாட்டுக்குப் பின் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவளும் ஒன்றும் சொல்லவில்லை, அவளுக்கும் எழுத்து தெரியாது.

போன வாரம் என் பழைய பருத்திக் கோட்டின் உள்பையில் ஒரு சீட்டு இருந்தது. சந்தோஷமான விஷயம் அண்ணே, அதை முழுதாகப் படித்துவிட்டேன். டீச்சரிடம் ஓர் எழுத்துகூடக் கேட்கவில்லை.

உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அது ஜனவரி. மாவட்ட ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்: தொழிற்சாலையிலிருந்து முத்திரை வைத்து ஒரு கடிதம் கொண்டுவந்தால் முன்பணம் இல்லாமலே படுக்கை தருவோம், அன்றைக்கே அறுவை செய்வோம் என்று. நான் தொழிற்சாலை வாசலுக்கு வந்தேன். வாயிற்காவலர் சியூ உள்ளே விடவில்லை.

“கோச்சுக்காதீங்க அண்ணே. லிஸ்டுல உங்க பேரு இல்ல.”

“மூணாம் நம்பர் பூட்டைச் செஞ்சது யாருடா?”

“அது பூட்டுக்குத் தெரியும். லிஸ்டுக்குத் தெரியாதே. நில்லுங்க, மேல போயி முதலாளியைக் கேட்டுட்டு வரேன்.”

மாடி ஜன்னலோரம் உங்கள் தேநீர்க் குவளையிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. சியூ இறங்கி வந்து மடித்த ஒரு சீட்டைக் கொடுத்தான். “முதலாளியே எழுதிக் குடுத்துட்டாரு.” எனக்கு எவ்வளவு நிம்மதி. அண்ணன் கைவிடவில்லை என்று அந்தச் சீட்டைக் கோட்டுக்குள் வைத்துப் பொத்தான் போட்டேன். ஜாவ்தியைப் பஸ்ஸில் சாய்த்து உட்காரவைத்து இரண்டு மணி நேரம் போனோம். வழியெல்லாம் “கடுதாசி பத்திரமா இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். நான் நெஞ்சைத் தட்டித் தட்டிக் காட்டினேன்.

ஆஸ்பத்திரிச் சாளரத்தில் இருந்த பெண் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். “தாத்தா, இதை நீங்க படிக்கலையா?”

“எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. நீ படி.”

“இதுல முத்திரை இல்ல. ‘மேற்படி நபரின் பெயர் எங்கள் பதிவேட்டில் இல்லை’ன்னுதான் இருக்கு.”

அன்று அவள் படித்துச் சொன்னது உண்மைதானா என்று பத்து மாதமாக எனக்கு ஒரு சந்தேகம். அவள் தப்பாகப் படித்திருக்கலாம் அல்லவா? போன வாரம் நானே படித்தேன். அவள் சரியாகத்தான் படித்திருக்கிறாள். கீழே தேதி. உங்கள் கையெழுத்து. எவ்வளவு அழகான கையெழுத்து அண்ணே உங்களுக்கு. டீச்சரிடம் காட்டினேன். “கை பழகின ஆளு எழுதினது” என்றார்.

ஹாங்சோவில் குளிர் எப்படி?

தம்பி,
தாகென்


ஹாங்சோ
ஜனவரி 5, 1998

தம்பி தாகென்,

உன் கடிதம் என் நெஞ்சைக் குத்திவிட்டது. அந்த ஒரு சீட்டை வைத்து என்னை அளக்கலாமா? தொழிற்சாலை கைமாறி ஒரு மாதம்கூட ஆகாத நேரம் அது. பதிவேட்டில் இல்லாதவருக்கு முத்திரை போட்டால் மறுநாள் காலை வாசலில் இருபது பேர் நிற்பார்கள், சூளைக்காரர்கள் உட்பட. ஜாவ்தி கையால் திருமணத் தேநீர் வாங்கிக் குடித்தவன் நான். என் கண்ணீரை நீ பார்க்கவில்லை.

போனது போகட்டும். உனக்கு ஒரு மரியாதை செய்ய நினைக்கிறேன். நிறுவனத்தின் ‘கௌரவ மூத்த தொழிலாளி’ என்று ஒரு பட்டம், வருடப் பிறப்புக்கு எண்ணெய், அரிசி. அதற்கு முன் சின்ன வேலை ஒன்று பாக்கி. மாவட்டத்துக்குப் புதுத் தலைமை வந்திருக்கிறது, பழைய விற்பனைகளைத் தோண்டிப் பார்க்கிறார்கள். நாளைக்கு யாராவது வந்து ‘மியாவ் தாகெனும் பங்காளிதானே’ என்று உன்னையும் என்னையும் குழப்பக் கூடாது. ஆகவே ஒரு வாக்குமூலம் தயார் செய்து இணைத்திருக்கிறேன். தொழிற்சாலை தொடங்கிய நாள் முதல் நகரத்துக்குச் சொந்தமானது, நீ அதில் கூலித் தொழிலாளி, அவ்வளவுதான். படித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. கட்டைவிரல் போதும்.

அண்ணன்,
யூச்சாய்


பெய்ட்டாங்
ஜனவரி 22, 1998

அன்புள்ள அண்ணனுக்கு,

வாக்குமூலத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். விரல் வைக்கவில்லை, கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் வாழ்நாளில் ஒரு பத்திரத்தில் போட்ட முதல் கையெழுத்து இது. நாலு பழைய செய்தித்தாளில் பழகிவிட்டுத்தான் போட்டேன். ‘மியாவ்’ கொஞ்சம் சாய்ந்துவிட்டது, ‘தாகென்’ நேராக வந்திருக்கிறது.

படிக்காதே என்றீர்கள். எப்படிப் படிக்காமல் இருப்பது? இனிப்புக் கடைக்குள் விட்டு வாயைக் கட்டுவதா? ஒரே சாயங்காலத்தில் படித்து முடித்தேன். ‘ஆரம்பம் முதலே நகரக் கூட்டின் உடைமை’ என்ற இடத்தை மட்டும் இரண்டு தரம் படித்தேன். அப்போது டீச்சர் பக்கத்தில் இருந்தார்.

“தாகென், இதுல கையெழுத்துப் போட்டா அந்தத் தொழிற்சாலை எப்பவும் உங்களுதா இருந்ததில்லேன்னு ஆயிடும். புரியுதா?”

“புரியுது டீச்சர். படிச்சேனே.”

“யாருமே சொந்தக்காரன் இல்ல, நகரம்தான்னு ஆயிடும்.”

“அப்படித்தானே எழுதியிருக்கு. அண்ணன் கேட்டா நான் இல்லேங்க மாட்டேன்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு ‘கூட்டு’ என்ற எழுத்தைப் பத்து முறை எழுதச் சொன்னார்.

வருடப் பிறப்பு நெருங்குகிறது. வீட்டைக் கழுவுகிறேன். ஜாவ்தியின் மெத்தையைப் பிரித்து உறையைத் துவைக்க வேண்டும். அவள் போனபின் அதைத் தொடவே இல்லை.

எண்ணெயும் அரிசியும் வேண்டாம். எழுத நல்ல தாள் இருந்தால் அனுப்புங்கள்.

தம்பி,
மியாவ் தாகென்


பெய்ட்டாங்
பிப்ரவரி 13, 1998

அன்புள்ள அண்ணனுக்கு,

விளக்குத் திருவிழா முடிந்தது. சான்றிதழ் வாங்கிவிட்டேன். ஆயிரத்து ஐந்நூறு. இப்போது செய்தித்தாளில் ஒரு பக்கத்தை அரை மணியில் படித்துவிடுகிறேன். டீச்சரே ஆச்சரியப்படுகிறார்.

இன்னொரு ஆச்சரியம். மெத்தையைப் பிரிக்க வேண்டும் என்று சொன்னேனே, பிரித்தேன். தலைமாட்டுப் பக்கம் பஞ்சுக்கு நடுவில் எண்ணெய்த் துணியில் சுற்றி ஒரு தாள். சுற்றிலும் பொடித் தையல். ஜாவ்தியின் தையல்தான்.

அது நம் எண்பத்து நாலாம் வருடத்துத் தாள் அண்ணே. நகரத்துக்கு எழுதிக் கொடுத்தது இல்லை. நமக்குள் எழுதிக்கொண்டது. இரண்டு பிரதி எழுதி ஒன்றை நீங்கள் வைத்துக்கொண்டு ஒன்றை எங்களிடம் தந்தீர்கள். தொண்ணூற்றைந்தில் ஒரு நாள் வந்து, “சட்டம் மாறிப்போச்சு தம்பி. அந்தத் தாள் இப்ப நம்ம கழுத்துக்குக் கயிறு. என்னோடதை எரிச்சுட்டேன், நீயும் எரிச்சிடு” என்றீர்கள். நான் ஜாவ்தியிடம் சொன்னேன். அவளும் “எரிச்சாச்சு” என்றாள். என்னிடம் அவள் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று நினைக்கிறேன்.

அதைப் படித்தேன். ‘நகரக் கூட்டு என்பது பெயருக்கு மட்டும். இடம் மியாவ் தாகெனுடையது, கருவிகள் அவனுடையவை, முதல் ஃபாங் யூச்சாயுடையது. நகரம் ஒரு காசும் போடவில்லை. லாபமும் நட்டமும் எங்கள் இருவருக்கும் சரிபாதி. எந்தக் காலத்திலும் ஒருவரை ஒருவர் மறுக்க மாட்டோம்.’ கீழே உங்கள் கையெழுத்து, என் விரல், அப்போதைய நகரச் செயலாளரின் சொந்த முத்திரைகூட இருக்கிறது. அவர் இறந்துவிட்டார், பாவம்.

இதில் என் பெயர் மூன்று இடத்தில் வருகிறது அண்ணே. நான் பலகையில் தேடியது மெத்தைக்குள் இருந்திருக்கிறது. ஜாவ்தி என் பெயரின் மேல் தலையை வைத்துத் தூங்கியிருக்கிறாள்.

தினமும் இதைப் பார்த்து எழுதிப் பழகுகிறேன். உங்கள் எழுத்தைப் பார்த்து எழுதினால் என் எழுத்தும் நன்றாக வருகிறது.

தம்பி,
தாகென்


ஹாங்சோ
பிப்ரவரி 19, 1998

தாகென்,

அவசரமாக எழுதுகிறேன். அந்தத் தாளை உடனே எரித்துவிடு. யாரிடமும் காட்டாதே, அந்த டீச்சரிடம் அறவே காட்டாதே. நீ பங்கு கேட்பதாக இருந்தால் வாயால் பேசிக்கொள்வோம், நாம் அண்ணன் தம்பி. வாக்குமூலத்தில் நீயே கையெழுத்துப் போட்டிருக்கிறாய் என்பதை மறக்காதே. எரி. எரித்துவிட்டு ஒரு வரி எழுது.

யூச்சாய்


மாவட்டக் காவல் விடுதி
மார்ச் 29, 1998

என் உயிருக்கு உயிரான தம்பி தாகென்,

இதை என் வக்கீல் ரென் அம்மாள் உன் கையில் தருவார். நான் எங்கே இருக்கிறேன் என்று இதற்குள் ஊரெல்லாம் பேசியிருக்கும். கைதாகி மூன்று வாரம் ஆயிற்று. அறையில் ஒன்பது பேர். இரவெல்லாம் விளக்கு எரிகிறது. எழுபது வயதில் கக்கூஸ் குழிக்குப் பக்கத்தில் படுக்கிறேன்.

இங்கே படுத்தபடி நம் பழைய நாட்களையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதா, முதல் நூறு பூட்டைச் சாக்கில் கட்டி நானும் நீயும் படகில் ஏற்றிப்போனோம். மழை. உன் கோட்டைக் கழற்றிப் பூட்டுகளை மூடினாய். ‘உனக்குக் குளிராதா’ என்று கேட்டேன். ‘பூட்டு துருப்பிடிக்கும், நான் பிடிக்க மாட்டேன்’ என்றாய். ஜாவ்தி அன்று சமைத்த வாத்துக் குழம்பு. நாம் மூவரும் ஒரே கிண்ணத்தில் சாப்பிட்டோம். அந்த நாட்களுக்கு ஈடாக எதுவும் இல்லை தம்பி.

நான் உனக்குச் செய்தது எல்லாம் சரியென்று சொல்ல மாட்டேன். அந்த ஜனவரிச் சீட்டு என் கண்முன் நிற்கிறது. பயத்தில் எழுதினேன். உன்னைப் பதிவில் சேர்த்தால் பங்காளி என்று ஒப்புக்கொண்டதாகும் என்ற பயம். மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். நகரத்துச் சொத்தை அடிமாட்டு விலைக்கு அபகரித்தேன் என்று வழக்கு. அடுத்த மாவட்டத்தில் இதே வழக்கில் ஒருவனுக்குப் பன்னிரண்டு வருடம் கொடுத்தார்கள். பன்னிரண்டு வருடம் என்றால் எனக்கு அது என்னவென்று உனக்குத் தெரியும். என் அலமாரியிலிருந்தே உன் வாக்குமூலத்தை எடுத்திருக்கிறார்கள். தொடங்கியவனே சொல்லிவிட்டான், ஆரம்பம் முதலே நகரத்துடையது என்று. அதுதான் அவர்களுக்குப் பெரிய சாட்சி.

அந்த எண்பத்து நாலாம் வருடத்துத் தாள் ஒன்றுதான் என்னைக் காப்பாற்றும். நகரம் ஒரு காசும் போடவில்லை என்று அதில் இருக்கிறது. நகரத்துடையது அல்ல என்றால் திருட்டே இல்லை. பாதி உன்னுடையது என்று நீதிமன்றத்திலேயே சொல்கிறேன், எழுதித் தருகிறேன். நான் எரிக்கச் சொன்னேன். நீ எரித்திருக்க மாட்டாய். என் பேச்சை நீ என்றைக்குக் கேட்டாய்? தாளை வக்கீலிடம் கொடு. ஏப்ரல் பதினாறு விசாரணை.

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

உன் அண்ணன்,
ஃபாங் யூச்சாய்


பெய்ட்டாங்
ஏப்ரல் 10, 1998

அன்புள்ள யூச்சாய் அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் ஏப்ரல் முதல் தேதி வந்தது. இவ்வளவு நீளமான கடிதம் எனக்கு யாரும் எழுதியதில்லை. மூன்று பக்கம். வக்கீல் ரென் அம்மாள் நல்ல பெண். வாசலிலேயே, “தாத்தா, அவசரம். நான் படிச்சுக் காட்டிடறேனே” என்றார்.

“வேணாம்மா. நானே படிக்கிறேன்.”

“விஷயத்தை மட்டும் சொல்லிடறேன். உங்ககிட்ட ஒரு பழைய தாள்...”

“சொல்லாதேம்மா. அறுபத்தேழு வருஷம் அடுத்தவங்க படிச்சுச் சொன்னதைத்தான் கேட்டேன். இதை நான் படிக்கிறேன். கல்லறை நாள் கழிச்சு ஏழாம் தேதி வா.”

“தாத்தா, ஒரு ஆளோட உயிரு...”

“வழியில பார்த்துப் போ. படிக்கட்டு வழுக்கும்.”

அன்றிலிருந்து ஒரு நாளைக்கு அரைப் பக்கம் படித்தேன். படகும் மழையும் வந்த இடத்தில் எனக்கே கண் கலங்கிவிட்டது. வாத்துக் குழம்பு அன்று கொஞ்சம் உப்பு அதிகம், நீங்கள் மறந்துவிட்டீர்கள். மன்னிப்புக் கேட்ட இடத்தை நாலாம் தேதி படித்தேன். அன்று அதோடு மடித்து வைத்துவிட்டேன்.

ஐந்தாம் தேதி கல்லறை நாள். வெயில் நன்றாக இருந்தது. ஜாவ்தியின் மேட்டில் புல் செதுக்கினேன், பச்சை மாவுருண்டை படைத்தேன், தாள் காசு எரித்தேன். மற்றவர்கள் தாளில் செய்த வீடும் வண்டியும் டெலிவிஷனும் எரித்துக்கொண்டிருந்தார்கள். இங்கே நெருப்பில் போட்டது அங்கே அவர்கள் கைக்குப் போகும் என்று நீங்களும்தான் உங்கள் அம்மாவுக்கு எரிப்பீர்கள். அவளுக்கு அங்கே என்ன வேண்டியிருக்கும் என்று யோசித்தேன். சாகும்வரை ஒரு தாளைத் தலைமாட்டில் வைத்துக் காத்தாளே, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவளுக்குத் தெரியவே தெரியாது. கல்லறை முன்னால் உட்கார்ந்து அவளுக்கு அதை முழுதும் படித்துக் காட்டினேன். ஓர் இடத்தில்கூடத் தடுமாறவில்லை. ‘எந்தக் காலத்திலும் ஒருவரை ஒருவர் மறுக்க மாட்டோம்’ என்ற வரியை இரண்டு முறை படித்தேன், அவளுக்கு அது பிடிக்கும். பிறகு அவளுக்கே அனுப்பிவிட்டேன். பழைய தாள், எண்ணெய்த் துணியில் இருந்தது, உடனே பிடித்துக்கொண்டது.

அங்கே இனி யாராவது முத்திரை கேட்டால் அவளிடம் இருக்கிறது.

மறுநாள்தான் உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்தேன். முக்கியமானதை நீங்கள் எப்போதும் கடைசியில்தான் சொல்வீர்கள். என் பேச்சை நீ என்றைக்குக் கேட்டாய் என்று எழுதியிருக்கிறீர்கள். எப்போதும் கேட்டேன் அண்ணே. விரல் வை என்றீர்கள், வைத்தேன். கையெழுத்துக் கேட்டீர்கள், போட்டேன். எரித்துவிட்டு ஒரு வரி எழுது என்றீர்கள். இந்தக் கடிதம்தான் அந்த வரி. கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

மார்ச்சில் மாவட்டத்து ஆய்வாளர் என் வீட்டுக்கும் வந்தார். அதைச் சொல்ல மறந்துவிட்டேன். வாக்குமூலத்தைக் காட்டி, “பெரியவரே, இது நீங்க போட்ட கையெழுத்துதானா? உங்களுக்கு எழுதத் தெரியாதுன்னு ஊர்ல சொன்னாங்களே” என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. சான்றிதழை எடுத்துக் காட்டினேன். அவர் முன்னாலேயே மூன்று முறை கையெழுத்துப் போட்டும் காட்டினேன்.

“உள்ள என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சுதான் போட்டீங்களா?”

“எழுத்து எழுத்தாப் படிச்சிட்டுத்தான் போட்டேன் ஐயா.”

அவர் அதையும் எழுதிக்கொண்டார். அவர் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். சரியாகத்தான் எழுதியிருந்தார்.

ஏழாம் தேதி ரென் அம்மாள் வந்தார். நடந்ததைச் சொன்னேன். படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். பாவம், வெறுங்கையோடு அனுப்ப மனமில்லை. நான் அந்தத் தாளைப் பார்த்து எழுதிப் பழகிய பிரதிகள் முப்பத்தொன்று இருந்தன. அவற்றில் நல்லதாக ஒன்றைக் கொடுத்தேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே சொன்னார்: “தாத்தா, இது உங்க கையெழுத்து. நீங்க போன வாரம் உக்காந்து எழுதினதுன்னு சொல்லுவாங்க. அசல் வேணும்.” ஒரு வார்த்தைகூட விடவில்லை என்றேன். அதற்கும் தலையை ஆட்டினார்.

இன்னொரு பிரதியை உங்களுக்காக இதோடு வைத்திருக்கிறேன். ஷென் டீச்சர் திருத்தி நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு போட்டது. ‘பூட்டு’ என்ற எழுத்தில் இந்த முறை எல்லாக் கோடும் இருக்கின்றன, பாருங்கள்.

எனக்குப் பாதி வேண்டாம் அண்ணே. எப்போதும் வேண்டியிருக்கவில்லை. எனக்கு ஒரே ஒரு நாள் ஒரே ஒரு முத்திரை வேண்டியிருந்தது.

ஒரு விஷயம் அறிய ஆவல். தொண்ணூற்று மூன்றில் மாவட்டக் காவல் விடுதிக்கு நம்மிடமிருந்து அறுபது பூட்டு போனது. உங்கள் அறைக் கதவில் தொங்குவது மூன்றாம் நம்பர்தானா? அடியில் சின்னதாக ஒரு புள்ளி குத்தியிருந்தால் அது நான் என் கையால் ராவியது. எழுத்து தெரியாத காலத்தில் அதுதான் என் கையெழுத்து. அது நன்றாகப் பூட்டும், பயப்பட வேண்டாம்.

பதில் போடுங்கள். பெரிய எழுத்தில் எழுத வேண்டியதில்லை. எவ்வளவு நீளமாக வேண்டுமானாலும் எழுதுங்கள், இனி உங்களுக்கு நேரம் இருக்கும். நான் எல்லாவற்றையும் படிப்பேன்.

உங்கள் தம்பி,
மியாவ் தாகென்